ஃபாலோ அப்பில் இருக்கும் ஒரு மூடி

எங்கள் வீட்டு வாசற்படியிலிருந்து நாலு எட்டு வைத்தால், அதாவது பெரியவர்களின் நாலு எட்டு, பாதாளச் சாக்கடைக் குழி ஒன்று வரும். ஐந்து மாதம் அதற்கு மூடி இல்லாமல் இருந்தது. இல்லை என்று சொல்வது என்னைப் போன்ற விவரம் தெரியாதவர்கள் பேசும் பேச்சு. வட்டார அலுவலகத்தின் மொழியில் மேற்படி மூடி "ஃபாலோ அப்பில்" இருந்தது.

முதலில் இருந்த மூடி ஒரு தண்ணீர் லாரிக்கு இரையானது. லாரி ஏறி இறங்கியதும் மூடி இரண்டாகப் பிளந்து உள்ளே போய்விட்டது. டிரைவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "நல்ல வேளை, டயருக்கு ஒண்ணும் ஆகலை" என்று என்னிடம் ஆறுதலாகச் சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அப்போது என் மகளுக்கு ஏழு மாதம். உருட்டிவிட்டது போல் தவழ்வாள் என்பதால் அவளுக்கு வீட்டில் உருண்டை என்று பெயர். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் உருண்டை வாசலில் இருப்பாள்.

மூன்றாம் நாள் வட்டார அலுவலகத்துக்குப் போனேன். முன் கூடத்தில் பார்வையாளர்களுக்கென்று வட்டமான இருக்கைகள் பத்து வரிசையாக இருந்தன. மேலே பூப்போட்ட ரெக்சின் உறை, பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் எண். எனக்கு ஏழாம் எண் கிடைத்தது. உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருக்கை அசையவே இல்லை. ஓர் அரசு அலுவலகத்தில் இவ்வளவு உறுதியான பொருளை நான் பார்த்ததில்லை.

இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு பெரிய எழுத்தர் கூப்பிட்டார்.

"என்ன விஷயம்?"

"வாசல்ல குழி திறந்து கிடக்குங்க சார். வீட்ல குழந்தை இருக்கு."

"எத்தனை மாசம்?"

"உடைஞ்சு மூணு நாள் ஆச்சு சார்."

"குழந்தைக்கும்மா."

"ஏழு மாசம்."

"நடக்குதா?"

"தவழறா."

"இன்னும் நடக்கவே ஆரம்பிக்கலையே. நேரம் இருக்கும்மா. ஃபாலோ அப் பண்ணிடறோம்."

கான்வென்டில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த சிஸ்டர் இந்த மாதிரி ஜோடிச் சொற்களை நாளைக்கு ஐந்து வீதம் ஒப்பிக்க வைப்பார். ஃபாலோ அப் என்றால் எடுத்த காரியத்தை முடிவு தெரியும்வரை விடாமல் தொடர்வது. வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னபோது, "காய்ச்சல்காரப் பிள்ளையை டாக்டர் குணமாகும்வரை ஃபாலோ அப் செய்தார்" என்ற பொருளில் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். ஆகவே பெரிய எழுத்தர் அந்தச் சொல்லைச் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லாததுதான் பாக்கி.

உருண்டைக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது மறுபடி போனேன். பெரிய எழுத்தர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அது இந்தப் புதிய முறையின் சிறப்பு.

"வாங்கம்மா. உங்க குழி ஆறு தடவை ஃபாலோ அப் ஆயிருக்கு."

"மூடி எப்ப சார் போடுவீங்க?"

"இருங்க. மொதல்ல முறையைப் புரிஞ்சுக்கோங்க. முன்னெல்லாம் ஜனங்க வந்தா என்ன சொல்லுவோம்?"

"நாளைக்கு வாங்கன்னு."

"அது மரியாதையா? இல்லை. அதான் போன மாசம் எங்க எல்லாருக்கும் ரெண்டு நாள் பயிற்சி குடுத்தாங்க. கோட்டு போட்டவர் ஒருத்தர் வந்தார். இனிமே யாரையும் நாளைக்கு வான்னு சொல்லக் கூடாது. ஃபாலோ அப் பண்றோம்னு சொல்லணும். எவ்ளோ மாத்தம் பாருங்க."

அவர் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வாசகம் மாட்டியிருந்தது. "முடிந்த காரியத்தை மறந்துவிடலாம். முடியாத காரியத்தை மறக்கலாகாது. மறவாமையே சேவை."

படித்துவிட்டு எழுந்து வந்தேன். பழைய முறைக்கு ஒரு மரியாதை இருந்தது என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. நாளைக்கு என்றால் அது ஒரு நாள். காலண்டரில் இருக்கும். அந்த நாள் வந்து, காரியம் நடக்காவிட்டால், சண்டையாவது போடலாம். ஃபாலோ அப்புக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாததோடு எப்படிச் சண்டை போடுவது?

இந்தச் சொல் அலுவலகத்தோடு நின்றிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். கோட்டுக்காரர் ஊர் பூராவும் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார் போல. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் உருண்டைக்குக் கவுன் தைக்கக் கொடுத்திருந்தேன். துணி கொடுத்தபோது குழந்தை ஆறு மாதம். போய்க் கேட்டால், "ஃபாலோ அப்லதான்டி இருக்கு" என்றாள்.

"வெட்டியாச்சா அக்கா?"

"வெட்டலை. ஆனா தினமும் எடுத்துப் பாக்கறேன்."

என் கணவர் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கேயும் பயிற்சி நடந்திருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொன்னேன். தலையைத் தூக்காமல் "ஃபாலோ அப்ல வச்சிருக்கேன்" என்றார்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"மனசுல."

"குழாய் சமையலறையிலல்லவா இருக்கு?"

"இதுக்குத்தான் வீட்ல எதையும் சொல்றதில்லை" என்று கோபித்துக்கொண்டார். எதையும் அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வதை நான் ஃபாலோ அப்பில் வைத்தேன்.

ஒன்பதாம் மாதம், எங்கள் குழிக்கென்றே ஃபாலோ அப் அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு வருவார். நல்ல மனிதர், நெட்டை, வெயில் தாங்காது. குழியின் விட்டத்தை டேப் வைத்து அளப்பார். ஆழத்தை அளக்கக் கயிற்றில் ஒரு கல் கட்டி வைத்திருந்தார். அளந்து, படம் எடுத்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். விட்டம் ஒருநாளும் மாறியதில்லை. மூன்றாவது செவ்வாய் ஆழத்தை அளந்தவர் முகம் மலர்ந்தது.

"நாலு விரக்கடை குறைஞ்சிருக்கும்மா."

"எல்லாரும் குப்பை கொட்டறாங்க சார்."

"எப்படியோ. முன்னேற்றம்னு போட்டுக்கறேன்."

அந்தக் கணக்கில் போனால் குழி தானாகவே தூர்ந்துவிட ஆறு வருடம் ஆகும். அப்போது உருண்டை பள்ளிக்கூடத்தில் இருப்பாள், ஜோடிச் சொற்களை ஒப்பித்துக்கொண்டு.

நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய சாப்பாட்டு மேசையின் பலகையைக் கழற்றி, நானும் தையல்கார அக்காவுமாக இழுத்து வந்து குழியின் மேல் போட்டோம். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை வந்தது.

"இது என்னம்மா?"

"பலகை சார். குழந்தை விழுந்திடக் கூடாதுன்னு."

"ஃபாலோ அப்ல இருக்கற இடத்துல மாத்தம் பண்ணலாமா? நான் எதை அளக்கறது? நாளைக்கே மேல இருந்து யாராவது வந்து பாத்து, குழி எங்கன்னு கேட்டா என் வேலை போயிடும்."

பலகையைச் சான்றுப் பொருள் என்று எழுதி, ஆள் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார். இதற்குப் பிறகு குழியை மூடினால் நடவடிக்கை என்று ஒரு தாளும் கொடுத்தார். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாங்கள் இப்போது கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

பத்தாம் மாதம் உருண்டை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தையல்கார அக்கா கை தட்டினாள். என் கணவர் படம் எடுத்து அவர் அம்மாவுக்கு அனுப்பினார். எல்லோரும் சந்தோஷப்பட்ட நேரத்தில் நான் மெல்லக் குழந்தையின் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். அவள் மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தேன். பெற்ற பிள்ளை நடந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட தாய் வேறு யாராவது இருக்கிறாளா, தெரியாது. எங்கள் குழந்தையின் வளர்ச்சியைத் தள்ளி வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம் என்றுகூட ஒருநாள் தோன்றியது. அவர் ஃபாலோ அப் பண்ணலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்கவில்லை.

பதினோராம் மாதம் மூன்றாம் செவ்வாய். அதிகாரி வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். எங்கள் வீட்டுக் கம்பிக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர் அதைச் சாத்தவில்லை. நான் சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் பிடித்தேன். சொட்டுகிற குழாயில் தண்ணீர் வேகமாக வராது. திரும்பி வந்தபோது கூடத்தில் உருண்டை இல்லை.

வாசலுக்கு எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. குழியின் விளிம்பில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல் நின்றாள். நான் பார்க்காத நாலு எட்டை நடந்து முடித்திருந்தாள். கையில் அவளுடைய ஒரு செருப்பு. அதைக் குழிக்குள் போட்டுவிட்டு, சத்தம் வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

வாரி எடுத்துவிட்டேன். அதிகாரி பக்கத்தில்தான் நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு. மாடிப்படி நிழலில் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

"குழந்தை விழப் பாத்துச்சு சார்."

அவர் திரும்பி எட்டிப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "விழலைல்ல? அப்ப அதுக்குக் கட்டம் இல்லம்மா. செருப்பு விழுந்ததுக்கு இருக்கு, போட்டுடறேன்" என்று சொல்லி, "காலணி: ஒன்று (இடது)" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். நான் போட்டேன். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்.

மறுநாள் காலையிலேயே அலுவலகத்தில் இருந்தேன். பெரிய எழுத்தர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா, உங்களைத்தான் நெனைச்சேன். உங்க குழிதான் இந்த வட்டாரத்துலயே முதல் இடம். நாப்பத்தொண்ணு ஃபாலோ அப்."

"சார், நேத்து என் பொண்ணு செத்திருப்பா."

பெரிய எழுத்தர் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரும் பிள்ளை குட்டிக்காரர்தான்.

"ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். மூடியப் போட்டுட்டா புகார் முடிஞ்சிடும். முடிஞ்சா பட்டியல்ல இருந்து எடுக்கணும். எடுத்தா அந்த நாப்பத்தொண்ணும் போயிடும். அப்புறம் எதை ஃபாலோ அப் பண்றது? வருஷக் கடைசியில ஆயிரம் காட்டணும். நாங்க இப்ப எழுநூத்திச் சொச்சத்துல நிக்கறோம்."

"அதுவரைக்கும்?"

"கதவச் சாத்தி வைங்க. தாய்னு ஒருத்தி எதுக்கு இருக்கா?"

போய் ஏழாம் எண் இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எட்டாம் எண்ணில் இருந்த பருத்த மனிதர், தன்னைக் கூப்பிட்டார்கள் என்று வேகமாக எழுந்தார். ரெக்சின் உறை அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்து, பிறகு கீழே விழுந்தது. உறையில்லாத இருக்கையைப் பார்த்தேன். வட்டமான இரும்பு. தூக்குவதற்கு இரண்டு துளை. நடுவில் எழும்பிய எழுத்தில் "பாதாளச் சாக்கடை".

நாலு மூடிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஓர் இருக்கை. பத்து இருக்கை. ஐந்து மாதமாக நான் மூடி கேட்டு மூடியின் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

சாமான் அறைக்காரரிடம் ஓடினேன். அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "வந்தப்போ மூடிதான். பயிற்சிக்கு ஆளுங்க உக்கார நாற்காலி பத்தலை. பார்வையாளர் இருக்கைன்னு மாத்தி எழுதிட்டோம். இப்ப அது மரச் சாமான் பட்டியல்ல இருக்கு."

"இரும்பு சார் அது."

"பட்டியல் பேரு அப்படி. மரச் சாமானை எடுத்துக் குழி மேல போட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"வேற மூடி?"

"கையிருப்பு இல்லை. கேட்டு எழுதியிருக்கோம். ஃபாலோ அப்ல இருக்கு."

அங்கேயே ஒரு தாள் வாங்கினேன். கான்வென்டில் படித்ததில் உருப்படியாக மிஞ்சியது கையெழுத்து ஒன்றுதான். சாய்வில்லாமல், அடித்தலில்லாமல் எழுதினேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் இல்லத்தின் முன்புறம் நடைபெற்றுவரும் ஃபாலோ அப் பணிக்காக வாரந்தோறும் வருகை தரும் அதிகாரி அவர்கள் அமர வசதியின்றி வெயிலில் நின்றபடியே கடமையாற்றுவதைக் கண்டு மனம் வருந்துகிறேன். பணியின் தொடர்ச்சியை முன்னிட்டு, மேற்படி இடத்திலேயே, மிகச் சரியாக மேற்படி இடத்திலேயே, பார்வையாளர் இருக்கை ஒன்றை அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பெரிய எழுத்தர் இரண்டு முறை படித்தார். அவர் கண் கலங்கியது. "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல எங்களுக்காக ஒருத்தர் மனு குடுத்தது இதான் முதல் தடவை" என்றார்.

அன்று மதியமே ஒரு வண்டி வந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். ஏழாம் எண் இருக்கைதான் வந்திருந்தது. முதல் மூடியைத் தூக்கி வைத்ததும் அது குழியின் வாயில் கிண் என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை. மனுவில் சொன்னது இருக்கை என்பதால் மீதி மூன்றையும் அதன் மேலேயே அடுக்கி, ரெக்சின் உறையையும் போட்டுவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். இருக்கையில் அமர்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"குழி எங்கம்மா?"

"கீழதான் சார் இருக்கு. நீங்க அது மேலதான் இருக்கீங்க."

காலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு "ஆழம்: அளக்க இயலவில்லை. ஃபாலோ அப் தொடர்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்போது எங்கள் குழிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. உருண்டை வாசலில் ஓடுகிறாள். இருக்கையைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள்.

போன வாரம், தெருவின் கடைசி வீட்டில் குடியிருக்கும் பெண் வந்தாள். என்னைவிட மூன்று நாலு வயது சின்னவள். இடுப்பில் குழந்தை. அவள் வாசல் மூடியையும் அதே தண்ணீர் லாரி உடைத்துவிட்டதாம். இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல மேல மூணு சும்மாதானே இருக்கு? ஒண்ணு எடுத்துக்கட்டுமா? எங்க வீட்டுக்காரர் ஆள் கூட்டிட்டு வருவார்."

ஒன்றை எடுத்தால் மூன்றுதான் இருக்கும். மூன்று இருந்தால் அது ஏழாம் எண் இருக்கை ஆகாது. இருக்கை ஆகாவிட்டால் செவ்வாய்க்கிழமை வருகிறவர் எழுதுவார். எழுதினால் வண்டி வரும், வந்தால் நாலையும் எடுத்துக்கொண்டு போகும். உள்ளே உருண்டை தன் புதுச் செருப்பை மாட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

"அது சாமான் பட்டியல்ல இருக்கும்மா. பிரிக்கக் கூடாது."

"அப்ப எனக்கும் ஒரு மனு எழுதித் தாங்க அக்கா. உங்க கையெழுத்து நல்லா இருக்குமாம்."

அதே மனு இன்னொன்று போனால் முதல் மனுவையும் எடுத்துப் பார்ப்பார்கள். நான் அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டேன்.

"எத்தனை மாசம்?"

"ஏழு."

"இன்னும் நடக்கவே ஆரம்பிக்கலையே. நேரம் இருக்கு. நான் ஃபாலோ அப் பண்றேன்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நேற்றும் வந்தாள். இன்று காலையிலும் வந்தாள். எனக்கு அடுப்படியில் வேலை இருந்ததால் கொஞ்சம் உட்காரச் சொன்னேன். வாசலில் இருக்கை இருக்கிறதே. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ரெக்சினைச் சரி செய்து உட்கார்ந்தாள். அசையவே அசையாது, அவ்வளவு உறுதி.